முதல் பாடம் நிற்பது

('பிள்ளைகளின் வேகம்: அடக்குவதா, வழிப்படுத்துவதா?' என்ற தலைப்பில் நடந்த தொலைக்காட்சி அரங்கில், வழிப்படுத்த வேண்டும் என்ற அணியில் கேமரன் மலை, பிரிஞ்சாங்கைச் சேர்ந்த மோட்டார் பட்டறைக்காரர் ஒருவர் ஆற்றிய உரை.)



எனக்கு முன்னால் பேசிய அம்மா ஒரு கேள்வி கேட்டார்கள். "மோட்டார் பந்தயத்துக்குப் போகிறேன் என்று வந்து நிற்கிற பிள்ளையை எந்தத் தாய் திருநீறு பூசி அனுப்பி வைப்பாள்?" என்று கேட்டார்கள். அரங்கமே கைதட்டியது. நானும் கைதட்டினேன். நியாயமான கேள்விதான். ஆனால் அம்மா, ஒரு விஷயம். அந்தப் பிள்ளை ஏற்கெனவே பந்தயம் விட்டுக்கொண்டுதான் இருக்கிறான். உங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

எங்கள் ஊரைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். பிரிஞ்சாங் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சுற்றிலும் தேயிலைத் தோட்டம், காய்கறித் தோட்டம். எங்கள் தாத்தா பாட்டிமார் கொழுந்து பறித்த மலை. சுற்றுப் பயணிகள் வருவார்கள், படம் எடுப்பார்கள், ஸ்திராபெரி வாங்குவார்கள், போய்விடுவார்கள். ஊரில் வளர்கிற இளைஞனுக்கு மாலை ஆறு மணிக்கு மேல் என்ன இருக்கிறது? ஒரு கப்சாய் மோட்டார் இருக்கிறது. கீழே தாப்பா வரை வளைந்து வளைந்து இறங்குகிற சாலை இருக்கிறது.

அந்தச் சாலையில் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் மலை, மறுபக்கம் பள்ளம். ஒரு வளைவு முடிவதற்குள் அடுத்த வளைவு. காய்கறி லாரி இறங்கும். அதன் சக்கரத்து மண் தாரில் ஒட்டியிருக்கும். மழை வந்தால் அது சேறு. மாலையில் மூடுபனி. இந்தச் சாலையில் நம் பிள்ளை இன்னொரு பிள்ளையோடு போட்டி போடுகிறான். கைக்கடிகாரத்தைப் பார்த்து, 'நேற்றைவிட இரண்டு நிமிடம் குறைவு' என்று மார்தட்டுகிறான்.

ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மணிக்கு 60 கிலோமீட்டரில் போகிற வண்டி ஒரு வினாடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் போகும். ஆபத்தைக் கண்டு, மூளைக்கு எட்டி, கை பிரேக்கைப் பிடிப்பதற்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். அந்த 17 மீட்டர் வரை வண்டி வேகம் குறையவே இல்லை. அதற்குப் பிறகுதான் பிரேக் வேலை செய்யத் தொடங்குகிறது. வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். எங்கள் வளைவுகளில் பல இடங்களில் முன்னால் தெரிவதே 20 மீட்டர்தான். மீதியைக் கடவுள் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துத்தான் பிள்ளைகள் போகிறார்கள்.

நம் நாட்டில் சாலை விபத்தில் இறப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் போனவர்கள். இது நம் எல்லோருக்கும் தெரிந்த சோகம். 'மாட் ரெம்பிட்' என்று ஒரு பெயர் வைத்து, 'அது வேறு வீட்டுப் பிள்ளை' என்று நாம் நினைத்துக்கொள்கிறோம்.

'மோட்டார் வாங்கிக் கொடுக்காவிட்டால் பிரச்சினை தீர்ந்தது' என்று எதிரணியில் ஓர் ஐயா சொன்னார். 2017 பிப்ரவரியில் ஜொகூர் பாருவில் என்ன நடந்தது? விடியற்காலை மூன்று மணி வாக்கில், மாற்றியமைத்த சைக்கிள்களில் கூட்டமாகப் போன பதின்ம வயதுப் பிள்ளைகள் எட்டுப் பேர் கார் மோதி இறந்துபோனார்கள். அவர்களிடம் மோட்டார் இல்லை ஐயா. வெறும் சைக்கிள்தான். வேகத்தின் மேல் உள்ள ஆசை எஞ்சினுக்குள் இருந்து வருவதில்லை. அது வயதுக்குள் இருந்து வருகிறது.

அப்படியானால் என்ன செய்யலாம்? வழிப்படுத்தலாம் என்கிறோம் நாங்கள். சும்மா வாயால் சொல்லவில்லை. என் அக்கா மகனை ஒரு வார இறுதியில் செப்பாங்கிற்கு, தொடக்கநிலைக்காரர்களுக்கான ஒரு பந்தயத்துக்கு அழைத்துக்கொண்டு போனேன். பையனுக்கு வயது 19. காய்கறித் தோட்டத்தில் வேலை. ஊரில் அவனை முந்த ஆளில்லை என்று பெயர். அந்த மூன்று நாளில் நான் கண்டதை இங்கே சொல்கிறேன்.

வெள்ளிக்கிழமை: போல்ட்டும் பச்சைத் தண்ணீரும்

வண்டியை ஒரு சிறிய லாரியில் ஏற்றிக்கொண்டு ஐந்து மணி நேரப் பயணம். போய் இறங்கியதும் பையன் தடத்தில் ஏறிவிடலாம் என்று நினைத்தான். விடவில்லை. முதலில் வண்டிப் பரிசோதனை.

கண்ணாடி, விளக்கு, பக்கத் தாங்கி எல்லாவற்றையும் கழற்றச் சொல்கிறார்கள். விழுந்தால் உடைந்து சிதறும், தரையில் மாட்டும் என்பதற்காக. எஞ்சின் எண்ணெய் போல்ட்டில் துளை போட்டு, மெல்லிய கம்பியால் முறுக்கிக் கட்டியிருக்க வேண்டும். அதிர்வில் போல்ட் கழன்றாலும் கீழே விழக் கூடாது. ரேடியேட்டரில் நாம் ஊற்றுகிற பச்சைத் திரவம் கூடாது, வெறும் தண்ணீர்தான். ஏன் தெரியுமா? அந்தத் திரவம் தாரில் கொட்டினால் வழவழப்பு போகாது. தண்ணீர் என்றால் காய்ந்துவிடும்.

நான் பட்டறைக்காரன். இதெல்லாம் எனக்குத் தெரிந்த வேலை. ஆனால் பையனுக்கு அங்கேதான் ஒன்று புரிந்தது. எண்ணெய் கொட்டினால் விழப்போவது பெரும்பாலும் கொட்டியவன் இல்லை, பின்னால் வருகிறவன். அங்கே கட்டுகிற கம்பியில் பாதி, முகம் தெரியாத இன்னொருவனுக்காகக் கட்டப்படுகிறது. எங்கள் மலைச் சாலையில் எண்ணெய் ஒழுக ஒழுக ஓடுகிற மோட்டார் எத்தனை? பின்னால் வருகிறவனைப் பற்றி யார் நினைக்கிறோம்?

அடுத்து ஹெல்மெட். பையன் தினமும் போடுகிற ஹெல்மெட்டை அதிகாரி கையில் வாங்கினார். தாடைப் பட்டையை இழுத்துப் பார்த்தார். பிளாஸ்டிக் கொக்கி. 'இது இங்கே செல்லாது, இரட்டை வளையம் போட்ட பட்டை வேண்டும்' என்றார். பையனுக்குக் கோபம். "தினமும் இதைப் போட்டுக்கொண்டுதானே மலையிலிருந்து இறங்குகிறேன்!" என்றான். அவர் ஒரு நிமிடம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு மலாயில் சொன்னார்: "அதுதான் தம்பி எனக்குப் பயமாக இருக்கிறது."

பக்கத்துக் கூடாரத்தில் ஒரு சீன இளைஞர் தன்னிடம் இருந்த இன்னொரு ஹெல்மெட்டை இரவல் கொடுத்தார். மறுநாள் பையனோடு அதே ஓட்டத்தில் போட்டியிடப் போகிறவர் அவர். எதிராளிக்கு ஹெல்மெட் கொடுக்கிற போட்டியை நான் அன்றுதான் பார்த்தேன்.

சனிக்கிழமை: கொடியின் மொழி

சனிக்கிழமை காலையில் எல்லா ஓட்டுநர்களையும் உட்காரவைத்து வகுப்பு. எப்படி வேகமாகப் போவது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. எப்போது வேகத்தைக் குறைப்பது, எப்போது நிற்பது, எப்படி வெளியேறுவது, இதைத்தான் சொன்னார்கள்.

மஞ்சள் கொடி அசைந்தால் முன்னால் ஆபத்து, யாரையும் முந்தக் கூடாது. சிவப்புக் கொடி வந்தால் ஓட்டம் நிறுத்தப்பட்டது, மெதுவாகத் திரும்பு. மஞ்சளும் சிவப்பும் கோடு போட்ட கொடி, தடம் வழுக்குகிறது. நீலக் கொடி, உன்னைவிட வேகமானவன் பின்னால் வருகிறான். கறுப்பில் ஆரஞ்சு வட்டம் போட்டு உன் எண்ணைக் காட்டினால் உன் வண்டியில் கோளாறு, உடனே தடத்தை விட்டு விலகு. வெறும் கறுப்புக் கொடியும் உன் எண்ணும் என்றால் உன் ஆட்டம் அங்கே முடிந்தது, உள்ளே வா.

விழுவதற்கும் பாடம் உண்டு. வண்டி கையை விட்டுப் போனால் பிடித்துத் தொங்காதே, விட்டுவிடு. உருண்டு முழுவதுமாக நிற்கும் வரை எழுந்திருக்காதே. எழுந்ததும் தடத்தின் குறுக்கே ஓடாதே, பின்னால் வண்டி வருகிறதா என்று பார்த்து ஓரமாகப் போ. பயிற்சி ஓட்டத்தில் முதல் சுற்றே கவனம். டயர் சூடாகவில்லை என்றால் பிடிப்பு இருக்காது.

பிறகு தடத்தில் இறக்கினார்கள். செப்பாங் முழுத் தடம் 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. எங்கள் ஊர்ச் சாலையில் வளைவுக்கா பஞ்சம்? பையன் தைரியமாகத்தான் போனான். ஒரு சுற்றுக்குள் அவனை ஏழெட்டுப் பேர் முந்திவிட்டார்கள். முந்தியவர்களில் ஒரு பையனுக்குப் பதினாறு வயதுதான் இருக்கும்.

திரும்பி வந்தவன் பேசவே இல்லை. ரொம்ப நேரம் கழித்துச் சொன்னான்: "மாமா, நான் வளைவைப் பார்க்கிறேன். அவங்க வளைவு முடிகிற இடத்தைப் பார்க்கிறாங்க." மோட்டார் ஓட்டுவதில் இது ஆரம்பப் பாடம். கண் எங்கே போகிறதோ வண்டி அங்கே போகும். பள்ளத்தைப் பார்த்துப் பயந்தால் பள்ளத்துக்குத்தான் போகும். பிரேக்கை வளைவுக்குள் போய்ப் பிடிக்காமல் அதற்கு முன்பே நேராகப் பிடித்து முடிக்க வேண்டும். மூன்று வருடம் மலையில் ஓட்டியும் இதை அவனுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ஊரில் அவன்தான் ராஜா. ராஜாவுக்கு யார் பாடம் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை: பதினேழாவது இடம்

பந்தயத்தில் 24 பேர். ஆறு சுற்று. சிவப்பு விளக்கு அணைந்ததும் கிளம்பினார்கள். மூன்றாவது சுற்றில் ஒரு வளைவில் முன்னால் போன இருவர் விழுந்தார்கள். மஞ்சள் கொடி. பையனுக்கு முன்னால் மூன்று பேர் வேகத்தைக் குறைத்துவிட்டார்கள். பக்கவாட்டில் இடம் காலியாக இருந்தது. போயிருந்தால் மூன்று இடம் முன்னேறியிருக்கலாம். ஊர்ச் சாலை என்றால் போயிருப்பான். அன்று போகவில்லை. அந்த வளைவின் ஓரத்தில் தொண்டர் ஒருவர் விழுந்தவரைத் தூக்கிக்கொண்டிருந்தார்.

விழுந்த இருவரும் எழுந்து நடந்தார்கள். பையன் பதினேழாவதாக வந்தான். பரிசில்லை, கோப்பையில்லை. ஹெல்மெட்டைக் கழற்றியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை இது: "மாமா, இங்க எல்லாரும் ஒரே பக்கமாத்தான் போறாங்க."

யோசித்துப் பாருங்கள். எதிரே லாரி வராது. ஆடு மாடு குறுக்கே வராது. பள்ளிவிட்டு வருகிற பிள்ளை கடக்காது. ஒவ்வொரு வளைவிலும் ஒருவர் கொடியோடு நின்று உன்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஓரத்தில் ஆம்புலன்ஸ் நிற்கிறது. இவ்வளவும் இருந்தும் அங்கே அவ்வளவு பயந்து ஓட்டுகிறார்கள். இதில் எதுவுமே இல்லாத சாலையில் நாம் எவ்வளவு துணிச்சலாக ஓட்டுகிறோம்!

இரவு அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார். "தம்பி, முதலா வந்தானா?" என்று கேட்டார். "முழுசா வந்தான்கா" என்றேன். அக்கா அழுதுவிட்டார்.

எதிரணியின் மூன்று கேள்விகள்

எதிரணி கேட்கப்போகும் கேள்விகள் எனக்குத் தெரியும். முதல் கேள்வி: பந்தயத் தடத்தில் சாவு இல்லையா? இருக்கிறது. மறைக்க மாட்டேன். இதே செப்பாங்கில்தான் 2011 அக்டோபர் 23-ஆம் தேதி, இத்தாலியின் மார்க்கோ சிமோன்செல்லி பந்தயத்தின் இரண்டாவது சுற்றில் விழுந்து இறந்தார். வயது 24. 2023 ஆகஸ்டில் சென்னைக்கு அருகில் உள்ள இருங்காட்டுக்கோட்டைத் தடத்தில் பெங்களூரைச் சேர்ந்த 13 வயதுச் சிறுவன் இறந்தான். அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. எந்த வயதில் ஏற்றலாம், எத்தனை பேரை ஒன்றாக விடலாம் என்பதையெல்லாம் கேட்க வேண்டிய கடமை நமக்கு உண்டு. தடம் என்றால் ஆபத்தில்லை என்று நான் சொல்லவில்லை. அங்கே ஒரு சாவு நடந்தால் விசாரிக்கிறார்கள், விதியை மாற்றுகிறார்கள். 2018 முதல் மோட்டோ ஜிபி வீரர்களின் உடையில் காற்றுப்பை கட்டாயம். எங்கள் மலைச் சாலையில் ஒரு பையன் இறந்தால் எட்டாம் நாள் காரியம் செய்கிறோம், மறந்துவிடுகிறோம்.

சிலர் சொல்வார்கள்: 'வெளிநாட்டில் மலைச் சாலையிலேயே பந்தயம் விடுகிறார்களே?' ஆமாம், ஐல் ஆஃப் மேன் தீவில் 1907 முதல் நடக்கிறது. மலையைச் சுற்றி 60 கிலோமீட்டர் பொதுச் சாலை. அந்தச் சாலையையும் மூடிவிட்டுத்தான் ஓட்டுகிறார்கள். எதிரே வண்டி வராது. மூடியும்கூட, அந்த மலைத் தடத்தில் இதுவரை 250-க்கும் மேற்பட்ட வீரர்கள் இறந்திருக்கிறார்கள். உலகத்தின் தலைசிறந்த ஓட்டுநர்களுக்கே மலைச் சாலை அப்படி என்றால், சாலையை மூடாமல் ஓட்டுகிற நம் பிள்ளைக்கு?

இரண்டாவது கேள்வி: தடத்தில் ஓட்டியவன் சாலைக்கு வந்தால் இன்னும் வேகமாகப் போகமாட்டானா? சிலர் போகலாம். அதனால்தான் தனியாக அனுப்பாதீர்கள் என்கிறேன். பெரியவர் ஒருவர் கூடப் போக வேண்டும். 'சாலையில் பந்தயம் விட்டதாகக் கேள்விப்பட்டால் தடத்துக்கு அழைத்துப் போக மாட்டேன்' என்று சொல்ல ஓர் ஆள் வேண்டும். இன்று என் அக்கா மகன் தாப்பாவுக்கு இறங்கும்போது லாரிக்குப் பின்னால் பொறுமையாகப் போகிறான். கேட்டால், "அதான் மாமா, இங்க கொடி காட்ட ஆளில்லையே" என்கிறான். ஒரு பையனை வைத்து ஊருக்கே தீர்ப்பு எழுத நான் வரவில்லை. ஆனால் அடித்துத் திட்டி எந்தப் பையனும் இப்படி மாறி நான் பார்த்ததில்லை.

மூன்றாவது கேள்வி பணம். தோட்டத்து வீட்டுக்கு இது கட்டுமா? உண்மையான கேள்வி. தோல் உடை, கையுறை, காலணி, முதுகுக் காப்பு, பதிவுக் கட்டணம், டயர், பெட்ரோல் எல்லாம் செலவுதான். நான் சொல்வது, ஒவ்வொருவரும் தனித்தனியாக வாங்க வேண்டியதில்லை. ஓர் இளைஞர் மன்றம் பழைய தோல் உடை இரண்டு வாங்கி வைக்கலாம். திருவிழாவுக்கு ஒலிபெருக்கி வாடகை எடுக்கிறோமே, அந்தச் செலவில் ஒரு பகுதி போதும். முதலில் பந்தயமே வேண்டாம், ஒருநாள் பயிற்சிக்கு அனுப்புங்கள்.

இது பெரிய வீட்டு விளையாட்டா?

'இது நம்மவர்களுக்கான விளையாட்டு இல்லை' என்ற எண்ணத்தை விடுங்கள். நம் நாட்டில் 1994-இல் கப் பிரி போட்டித் தொடர் தொடங்கியது. எதை வைத்து? நாம் சந்தைக்குப் போகிற அதே கப்சாய் மோட்டாரை வைத்து. அதில் இளம் புதியவர்களுக்கு 'வீரா' என்று ஒரு பிரிவும் நடத்தினார்கள். மலாயில் வீரா என்றாலும் தமிழில் வீரர் என்றாலும் சொல் ஒன்றுதான். அந்தக் கப்சாயில் தொடங்கிய சுல்பாஹ்மி கைருடின் 2012-இல் செப்பாங்கில் மோட்டோ 3 பிரிவில் இரண்டாவதாக வந்தார். அதே வழியில் வந்த ஹாபிஸ் ஷாரின் 2018-இல் மோட்டோ ஜிபி பிரிவுக்கே போனார்.

தமிழ்நாட்டைப் பாருங்கள். சென்னைக்கு அருகில் சோழவரத்தில், உலகப் போர்க் காலத்து விமான ஓடுபாதையில் பந்தயம் விட்டார்கள். பிறகு இருங்காட்டுக்கோட்டையில் முறையான தடம் வந்தது. கோவைக்கு அருகில் செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரில் இன்னொரு தடம் இருக்கிறது. ரஜினி கிருஷ்ணன், ஜெகன் குமார் என்று சென்னைப் பிள்ளைகள் தேசிய சாம்பியன் ஆகியிருக்கிறார்கள். நம் பிள்ளைகளுக்குக் கை இல்லையா, கண் இல்லையா?

ஆனால் எல்லோரும் சாம்பியன் ஆக வேண்டும் என்பதற்காக நான் பேசவில்லை. பதினேழாவதாக வந்தவனுக்காகத்தான் பேசுகிறேன். ஓட்டப் பிடிக்காதவன் கொடி பிடிக்கலாம். இன்னொருவன் வண்டி பழுது பார்க்கலாம், நேரம் குறிக்கலாம். என் பட்டறைக்கு வருகிற பிள்ளைகளில் இருவர் அடுத்த முறை கொடி பிடிக்கிற தொண்டராகப் போகக் கேட்டிருக்கிறார்கள்.

ஆகவே பெற்றோர்களே, இன்று வீட்டுக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். திட்ட வேண்டாம். பிள்ளையின் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துத் தாடைப் பட்டையை இழுத்துப் பாருங்கள். அவன் வண்டியின் டயரைத் தொட்டுப் பாருங்கள். பிறகு, 'எங்கேடா ஓட்டுகிறாய், யாரோடு ஓட்டுகிறாய்?' என்று கேளுங்கள். உண்மையைச் சொன்னால் அடிக்காதீர்கள். 'வா, ஓட்டுகிற இடத்துக்கு நானும் வருகிறேன்' என்று சொல்லுங்கள்.